வண்டியின் மூக்கைத் தூக்கியவர்

மனிதர்களில் நிமிர்த்துவோர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதைப் பற்றிப் போட்டிருக்க மாட்டார்கள். போட்டிருந்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் கோணலாக அச்சாகியிருப்பதாகச் சொல்லி இவர்களே கிழித்தெடுத்து மறுபடி ஒட்டியிருப்பார்கள். கெட்டுப்போன பொருளைப் பற்றி இவர்களுக்கு அக்கறை கிடையாது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா, அது பாட்டுக்கு ஒழுகட்டும். ஆனால், வருஷக்கணக்காக ஒழுங்காக மூடித் திறந்துகொண்டிருக்கும் ஒரு கதவு கண்ணில் பட்டுவிட்டால் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். கீல் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் எழுந்திருக்கும்போது கதவு நேராகத்தான் இருக்கும். மூடத்தான் வராது.

உங்களுக்குத் தெரியாதவர்கள் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்து, "வாங்க" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் சுவரில் இருக்கும் படத்தை ஒரு விரலால் லேசாகத் தள்ளிவிட்டு, இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ம், இப்ப சரி" என்று உங்களை மன்னித்தாரே ஒருவர், அவர் இந்தப் பிரிவு. ஓட்டலில் மேஜை ஆடுகிறது என்று அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகி, பக்கத்து மேஜைக்காரரின் காபியைக் கொட்டவைத்தவர் இந்தப் பிரிவு. அவர் மன்னிப்புக் கேட்டாரா? "உங்க மேஜைதான் சார் சரியில்ல" என்றாரா இல்லையா?

இந்த இனத்தின் உயர்ந்த ரகம் ஒன்று எங்கள் எதிர்வீட்டில் வசிக்கிறது. தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு குமிழி, குமிழி நடுவில் வந்து நின்றால் மட்டம் சரி, அந்தக் கருவிதான் ரசமட்டம். நம்மவர் கொத்தனார் இல்லை. அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. இருந்தாலும் மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்கிற சட்டைப் பையில் இவர் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். என் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படியே விட்டிருக்கீங்க?" என்று அவர் கேட்ட தொனியில், நான் வீட்டில் யாரையோ பட்டினி போட்டிருந்த மாதிரி எனக்கே சந்தேகம் வந்தது.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகங்களில் வரவேற்பறை மூலையிலும் லிஃப்ட் பக்கத்திலும் பச்சைப் பசேலென்று செடிகள் நிற்கும், அவற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அங்கே வேலை செய்கிற ஒருவருக்கும் தெரியாது. இந்த அம்மாள்தான் ஊற்றுகிறார். தொட்டிகளை வாடகைக்கு விடுவார், வாரா வாரம் போய் இலையைத் துடைத்து மண்ணைக் கிளறிவிட்டு வருவார், ஏசி குளிரில் வாடிப்போனதைத் தூக்கிவந்து வீட்டு நிழலில் வைத்துத் தேற்றி மறுபடி கொண்டுபோவார். இதற்காகத்தான் அந்த வீட்டில், முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் சுமைக்கு இடம் என்று ஒரு பிக்அப் வண்டி. ஓட்டுவதும் அவரே. மண் நிறைந்த தொட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் கார் நிற்கிற எங்கள் குறுகல் தெருவில், ஓர் இலைகூட ஒடியாமல் அவர் ரிவர்ஸில் வருவதை நான் ஜன்னலில் நின்று ரசித்திருக்கிறேன். கைதட்டாதது ஒன்றுதான் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலி வண்டி வாசலில் நிற்கிறது. ரசமட்டம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தவர், வண்டியைப் பக்கவாட்டில் இருந்து பார்த்துவிட்டார். எத்தனையோ தடவை பார்த்த வண்டிதான். ஆனால் பார்ப்பது வேறு, பார்த்துவிடுவது வேறு.

"இங்க வாயேன். வண்டி மூக்கு தரையப் பாக்குது."

"அது எப்பவும் அப்படித்தானே இருக்கு?"

"எப்பவும் இருந்தா சரியாயிடுமா? பின்னாடி தூக்கிக்கிட்டு, முன்னாடி தலையக் குனிஞ்சுக்கிட்டு... ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

"தொட்டி ஏத்தினா பின்னாடி அமுங்கி சமமாயிடும்ங்க. சுமை ஏத்துற வண்டி, அதுக்குத்தான் அப்படிப் பண்ணியிருப்பாங்க."

"பண்ணினவனுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல" என்றார் ரசமட்டம் பெருந்தன்மையோடு. "அவசரத்துல பண்ணியிருப்பான்."

அடுத்த வாரமே வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் என்று சொல்லப்படும் வட்டத் துண்டுகளை வைத்து, மூக்கை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டார். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "முன்னாடி தூக்கினதால சக்கரத்தோட கோணம் மாறியிருக்கும் சார், அலைன்மென்ட் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்தார். பானெட்டின் மேல் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. "இதுக்கு மேல என்ன அலைன்மென்ட்?" என்றார். பட்டறைக்காரருக்கு அடுத்த வண்டி காத்திருந்தது.

அன்று மாலை தெருவே அழைக்கப்பட்டது. ஆளாளுக்குக் குமிழியைப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது என்று சொல்லாத வரைக்கும் யாரையும் வீட்டுக்குப் போக விடவில்லை. நான் இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் தொட்டிகளை ஏற்றினார்கள். பின்பக்கம் வழக்கம்போல அமுங்கியது. மூக்கு வானத்தைப் பார்த்தது. இருட்டிய பிறகு ஹெட்லைட்டைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரக்கிளைகளுக்கும் மாடி ஜன்னல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசி, அவர்கள் தங்கள் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். ஸ்டீயரிங்கில் இருந்த ரசமட்டம் பூரித்துப்போனார். "பாத்தியா, வண்டியப் பாத்துட்டு ஒவ்வொருத்தனும் எப்படி சல்யூட் அடிக்கிறான்!" என்று சொல்லிப் பதிலுக்குத் தானும் லைட்டைப் போட்டு அணைத்து, கையையும் ஆட்டினார். ஒருவர் கண்ணாடியை இறக்கி ஏதோ சத்தமாகச் சொன்னார். பாராட்டு என்று வைத்துக்கொண்டார்.

இது வேடிக்கை. இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி நைசாக ஓரத்துக்கு ஒதுங்கும். நேராகப் போக வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுகிற அம்மாளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னார். நிமிர்த்துவோர் இனத்தை நீங்கள் அடையாளம் காண வேண்டிய இடம் இதுதான், கவனியுங்கள்.

"என்னங்க, வண்டி இழுக்குது."

"வண்டி இழுக்கல. நீ விடுற."

"நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன்."

"நேரா பிடிச்சிருந்தா எப்படி இழுக்கும்? மட்டம்தான் பாத்தாச்சே. உன் கைல ஏதோ சரியில்ல."

அவ்வளவுதான். தான் தொட்ட பொருளில் தப்பு இருக்கவே முடியாது. அப்படியானால், அதற்குப் பிறகு தொட்டவரிடம்தான் தப்பு இருக்க வேண்டும். என்ன நேர்த்தியான கணக்கு! அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மனைவியைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு தட்டைக் கொடுத்து, அதை ஸ்டீயரிங்காக நினைத்துக்கொள்ளச் சொல்லிப் பாடம் நடத்தினார். "மணிக்கட்டு இறுகக் கூடாது. தோள் தளர்வா இருக்கணும். மனசுல நேரா நினைச்சா கை நேரா போகும்." பல வருஷமாக ரிவர்ஸில் வந்து நமக்கெல்லாம் வேடிக்கை காட்டிய அந்த அம்மாள், கழுவின தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் பாடம் எடுத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

பிறகு டயர்கள் தேய்ந்தன. அதுவும் எப்படி? முன் டயர்கள் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் வழவழவென்று மொட்டையாகிவிட்டது, உள் ஓரத்தில் ரப்பர் பட்டன்கள் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி அப்படியே இருக்கின்றன. கையை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்குகிறது, திருப்பித் தடவினால் அரம் மாதிரி அறுக்கிறது. அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்து டயரில் வைத்தே காட்டினார். கையில் பட்டால் நம்பித்தானே ஆக வேண்டும்?

நம்புவதா? ரசமட்டம் டயரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, டயர் கம்பெனிகளின் நாணயம் எப்படிக் கெட்டுப்போயிற்று என்று ஆரம்பித்து, ரோடு போடுகிறவர்கள் நடுவில் மேடாக்கி ஓரத்தைச் சரியவிடுவதைக் கண்டித்து, வண்டியை நிறுத்துகிற இடத்தில் சாயங்கால வெயில் அந்த ஓரத்தில் மட்டும் விழுவதைச் சுட்டிக்காட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, "முக்கியமா நீ திருப்பத்துல வெடுக்குன்னு ஒடிக்கிற" என்று முடித்தார். இந்த வரிசையில் ஸ்பேசர் வந்ததா? வரவில்லை. அது சரிசெய்த காரியம். சரிசெய்த காரியம் எப்படிக் காரணமாகும்?

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் வண்டியைக் கேட்டு வாங்கி, எங்கள் பழைய அலமாரியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். போகும்போதும் இழுத்தது, வரும்போதும் இழுத்தது. சாவியைக் கொடுத்தபோது சொன்னேன். ரசமட்டம் என்னை இரக்கத்தோடு பார்த்து, "உங்களுக்கும் அதே பழக்கமா?" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, நிறைய பேருக்கு இது இருக்கு" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த அம்மாளுக்கு நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகக் கட்டிய பெரிய அலுவலகக் கட்டடம். ஒவ்வொரு மாடிக்கும் செடி வேண்டும். இத்தனை வருஷம் சின்னச் சின்ன இடங்களில் தொட்டி வைத்துக்கொண்டிருந்தவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வரப்போவதில்லை. ஆனால் அங்கே போக வேண்டும் என்றால் லாரிகள் பறக்கிற பெரிய சாலையில்தான் தினமும் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து அவர் வாசலில் இலை துடைத்துக்கொண்டிருந்தபோது, எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன் சார்."

"ஏன்?"

"பெரிய ரோட்டுல ஓட்ட இப்பல்லாம் பயமா இருக்கு. பக்கத்துல லாரி வந்தா பிரேக்க மிதிச்சுடறேன்." துணியைப் பிழிந்தார். "இத்தனை நாளா எனக்கு ஓட்டத் தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்."

"வண்டியில கோளாறும்மா. நானே ஓட்டிப் பாத்தேனே?"

"அவர் ஓட்டினா நேராத்தானே சார் போகுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே உள்ளே போய் அந்தக் குமிழியை உடைத்திருப்பேன். ஒரு மனுஷி நன்றாகத் தெரிந்த வேலையைத் தெரியாது என்று நம்பிக்கொண்டு, வீடு தேடி வந்த வேலையைக் கைநழுவ விடப் பார்க்கிறார். எதனால்? ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு துண்டு. அதை வைத்தவர் உள்ளே உட்கார்ந்து நாள்காட்டியை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்த அம்மாள் கேட்டதும் நியாயமான கேள்விதான். அவருக்கு மட்டும் எப்படி நேராகப் போயிற்று? பதில் ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்தது. ரசமட்டத்துக்குக் கொஞ்ச நாளாக வலது தோளில் வலி. தலையணையை மாற்றினார். கட்டிலின் நான்கு கால்களுக்கும் மட்டம் பார்த்தார். ஒரு காலுக்கு அட்டை வைத்தார். அப்படியும் விடவில்லை என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். அங்கே நடந்ததை அந்த அம்மாளே என்னிடம் நடித்துக் காட்டினார்.

டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏதாவது கனமா தூக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல டாக்டர். ஆபீஸ் வேலைதான்."

"ஒரே பக்கமா எதையாவது இழுத்துப் பிடிச்சிட்டிருக்கிற மாதிரி வேலை? ரொம்ப நேரம்?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதே" என்றாராம் ரசமட்டம், சத்தியமாக ஒன்றும் தெரியாமல். கொஞ்ச நாளாகச் செடி ஏற்றாத நாளெல்லாம் ஆபீசுக்குப் போக வர அந்தப் பிக்அப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், ஊர் பார்க்கட்டும் என்று. வண்டி இடது பக்கம் போகப் பார்த்திருக்கிறது, மனசு ஒப்புக்கொள்ளாததால் தோள் தன் பாட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது. உடம்புக்கு அந்த உண்மை முழுக்கத் தெரியும், தலைக்கு மட்டும் தெரியாது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்ததாம். "எனக்கு அப்படியே சிரிப்பு வந்துடுச்சு சார். அப்புறம் அழுகை வந்துடுச்சு. டாக்டர் எனக்குத்தான் ஏதோ வலின்னு நினைச்சுக்கிட்டார்."

மறுநாள் கணவர் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்த நேரத்தில், அம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்க்கிற கடைக்குக் கிளம்பினார். வழித்துணைக்கு நானும் போனேன். வண்டியை மேடையில் ஏற்றி, சக்கரத்துக்குச் சக்கரம் கருவிகளை மாட்டிய கடைக்காரர், கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா முன்னாடி தூக்கினது?"

"எங்க வீட்டுக்காரர்."

"தூக்கினதும் அலைன்மென்ட் பாக்கலையா?"

"ரசமட்டம் வெச்சுப் பாத்தாரு."

கடைக்காரர் சிறிது நேரம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் கேலி செய்யவில்லை என்று புரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார். முன்சக்கரங்கள் இரண்டும் உள்பக்கம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கின்றன, ஒன்று மற்றதைவிட அதிகமாகவே. அதைச் சரிசெய்தார். தேய்ந்துபோன முன் டயர்களை மாற்றினார். ஹெட்லைட்டை ரோட்டுக்குத் திருப்பினார். "இந்த ஸ்பேசரையும் கழட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

அம்மாள் யோசித்தார். "அது இருந்தா ஓட்டறதுக்கு ஏதாவது கெடுதலா?"

"இனிமே இல்லம்மா. அப்பப்ப செக் பண்ணிக்கிட்டா போதும்."

"அப்ப இருக்கட்டும். அவருக்கு ஆசை."

இப்படிப்பட்ட மனிதர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் வாய்த்துவிடுவதால்தான் இந்த இனம் அழியாமல் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று அந்த அம்மாள் கூப்பிட்டார். அவர் ஓட்ட, ரசமட்டம் பக்கத்தில், நான் பின்சீட்டில். பெரிய சாலைக்கு வந்தோம். ஞாயிறு என்பதால் லாரி குறைவு. நீண்டு கிடந்த நேர் ரோட்டில், முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாத ஓர் இடத்தில், அவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் ஒரு கணம் எடுத்தார். நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு பக்கமும் ஒதுங்காமல் நேராகப் போயிற்று. கைகளை மறுபடி வைத்துக்கொண்டு அவர் கணவரைப் பார்த்த பார்வையில், எல்லாம் இருந்தது. இனிமேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ரசமட்டம் தலை குனியப்போகிறார் என்று நான் ஆவலோடு முன்னால் சாய்ந்தேன்.

"பாத்தியா?" என்றார் ரசமட்டம். "தட்டை வெச்சு அன்னிக்குச் சொல்லிக் கொடுத்தேனே, கை எப்படிப் படிஞ்சு போச்சு பாரு! டயரப் பத்தியும் அப்பவே சொன்னேன், அந்த டயர் சரியில்லன்னு."

நான் மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டேன். அந்த அம்மாள் சிரித்தார், வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சிரித்துக்கொண்டே இண்டிகேட்டரைப் போட்டு, நாங்கள் போக வேண்டிய பக்கத்தை விட்டு வேறு பக்கம் திருப்பினார்.

"எங்க போற?"

"அந்தப் புது பில்டிங்குக்கு. வர்றேன்னு சொல்லிட்டேன். லிஃப்ட்ல தொட்டி நுழையுமான்னு அளவு பாக்கணும்."

"நல்ல வேளை நான் கூட வந்தேன்" என்றார் ரசமட்டம்.

இதுதான் நிமிர்த்துவோர் இனம். இவர்களிடமிருந்து தப்பிக்க ஏதாவது வழி சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். எனக்குத் தெரியாது. வண்டி இல்லாத வீடுகளில் இவர்கள் இருக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆபீசில் ஓடிக்கொண்டிருந்த வேலை முறையை மாற்றி அமைத்துவிட்டு, பிறகு ஆட்கள் சரியில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிவிட்டு, உப்பைத் தேடுகிறவருக்கு ஞாபக மறதி என்று மருந்து சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் தான் எதையும் சாய்த்ததாக நினைவிருக்காது. பிறருக்குக் கை சரியில்லை என்பதுதான் நினைவிருக்கும்.

இதை எழுதி முடித்ததும், எதிர்வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டோமோ, இனிமேல் முகம் கொடுத்துப் பேச மாட்டாரோ என்று பயந்துகொண்டுதான் கொடுத்தேன். ரசமட்டம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார். முடித்துவிட்டுக் காகிதங்களின் ஓரத்தைத் தட்டி ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பிரமாதம் சார்! எங்க பெரியண்ணன அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க. அவர எப்ப பாத்தீங்க?"

போகட்டும். நீங்கள் இவ்வளவு நேரம் யாரை நினைத்துக்கொண்டு படித்தீர்கள்?